சுத்தம் செய்த பிறகு லேப்டாப் இன்னும் அதிகம் சூடாகிறது: பேஸ்ட்தான் காரணமா?

பிப்ரவரி 9, மாலை 6.10 (கேள்வி)

நான்கு வருட லேப்டாப். ஃபேன் சத்தம் தாங்க முடியாமல் நேற்று முதல் தடவையாகத் திறந்து தூசி தட்டினேன். ஃபேனைக் கழற்றி ப்ரஷ் போட்டேன், சிப்பின் சூட்டை வாங்கும் ஹீட்சிங்க் என்ற செம்புத் தகட்டை எடுத்து, இரண்டுக்கும் நடுவே இருந்த பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிது வைத்தேன், மூடினேன். முன்பு கனமான வேலை கொடுத்தால் 80 டிகிரி வரும். இப்போது 97, 98. நான் வாங்கிய பேஸ்ட் மட்டமானது என்று தோன்றுகிறது. உருப்படியான பேஸ்ட் ஒன்று சொல்லுங்கள். மற்றபடி எல்லாம் சரியாகத்தான் மாட்டினேன், ஒரு குட்டி ஸ்க்ரூ மட்டும் மிஞ்சியது.

பிப்ரவரி 9, இரவு 9.40

பேஸ்டை விடுங்கள். புதிதாக வைத்த பேஸ்ட் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் 17 டிகிரி ஏற்றாது. எனக்கு இதே கதை நடந்திருக்கிறது. அதனால் உங்கள் கேள்வியைப் பாதி படிக்கும்போதே காரணம் தெரிந்துவிட்டது: பேட்.

என்னுடையது 45 வாட் ப்ராசஸரும் தனி கிராஃபிக்ஸ் சிப்பும் உள்ள கனமான லேப்டாப். இரண்டு வருடம் முன்பு இதேபோல் ஒரு நாள் உற்சாகமாகத் திறந்தேன். ஹீட்சிங்க்கைத் தூக்கியபோது, சிப்புக்குப் பக்கத்தில் மின்சாரத்தைச் சீராக்கும் பாகங்கள் மேல் ஒட்டியிருந்த, சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் மெத்து மெத்தென்ற பேட்கள் இரண்டாகக் கிழிந்து வந்தன. கையில் இருந்த 1 மில்லிமீட்டர் பேடை அளவாக வெட்டி வைத்தேன். அழகாக இருந்தது. பழையது 0.5 மில்லிமீட்டர் என்பது எனக்குத் தெரியாது. பேட் தடித்ததால் அந்தப் பக்கம் தகடு தூக்கிக்கொண்டு நின்றது, சிப் மேல் ஒரு ஓரம் மட்டும் தொட்டது. வேலை கொடுத்த மறுநொடி 96. நானும் உங்களைப் போலவே பேஸ்டைத்தான் சந்தேகித்தேன். மூன்று முறை பேஸ்ட் மாற்றினேன்.

ஏன் பேஸ்ட் இல்லை என்று சொல்கிறேன்? கணக்கு எளிது. சிப்பின் பரப்பு 150 சதுர மில்லிமீட்டர், அது 45 வாட் கக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப்புக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே பேஸ்ட் 0.05 மில்லிமீட்டர் கனம். டப்பாவில் வெப்பக் கடத்துதிறன் 5 என்று போட்டிருக்கும் சாதாரண பேஸ்ட் என்றால், அந்தப் படலத்தின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் வித்தியாசம் 3 டிகிரி. தேடிப் பிடித்து 10 என்று போட்டதை வாங்கினால் ஒன்றரை டிகிரி. அந்த ஒன்றரைக்குத்தான் இவ்வளவு சண்டை நடக்கிறது. ஆனால் தகடு சரியாக உட்காராமல் அதே பேஸ்ட் 0.5 மில்லிமீட்டருக்குத் தடித்து நின்றால் வித்தியாசம் 30 டிகிரி. நடுவில் காற்று நின்றால் கேட்கவே வேண்டாம். செம்பின் கடத்துதிறன் 400 பக்கம், காற்றுக்கு 0.026.

அதனால் திறந்து பாருங்கள். ஹீட்சிங்க்கைத் தூக்கியதும் துடைக்காதீர்கள். சிப் மேலும் தகடு மேலும் பேஸ்ட் எப்படிப் பதிந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரு பக்கம் மெல்லிசாகவும் எதிர்ப்பக்கம் வைத்தது வைத்தபடி கட்டியாகவும் இருந்தால் முடிந்தது கதை.

பிப்ரவரி 9, இரவு 9.52

புது பேட் வைத்தீர்கள் என்றால், மேலே கீழே இரண்டு பக்கமும் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? சிரிக்க வேண்டாம். ஒரு பக்கத்தை உரித்துவிட்டு மறுபக்கத்தை மறப்பவர்கள் நிறைய.

பிப்ரவரி 10, காலை 7.15

இரவு போட்ட கணக்கில் ஒரு ஓட்டை. சூடு சிப்பின் பரப்பு முழுக்கச் சமமாக வருவதில்லை. கணக்குப் போடும் பகுதிகளான கோர்கள் ஒரு மூலையில் குவிந்திருக்கும், மீதி இடம் சும்மா இருக்கும். ஆகவே அந்த 3 டிகிரி அந்த இடத்தில் 6, 7 ஆகக்கூட இருக்கலாம். நல்ல பேஸ்டால் 3, 4 டிகிரி லாபம் வருவதைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. 17 டிகிரிக்கு மட்டும் அது பதில் இல்லை.

இன்னொன்று. முன்பு 80 என்றீர்களே, எதை வைத்து அளந்தீர்கள்? என்ன வேலை கொடுத்து? எத்தனை நிமிடம் கழித்து?

பிப்ரவரி 10, இரவு 8.30

சரி, 80 என்பது ஞாபகத்திலிருந்து சொன்னது என்கிறீர்கள். ப்ராசஸர் 15 வாட் ரகம் என்பதும் இப்போதுதான் வருகிறது. அப்படியானால் என் 3 டிகிரி கணக்கு உங்களுக்கு 1 டிகிரிதான். பேஸ்ட் வழக்கு தள்ளுபடி.

திறக்கும் முன் சுத்தமான ஒரு அளவு எடுத்து வைப்பவர்கள் குறைவு. நானும் வைக்கவில்லை. அறை 5 டிகிரி சூடாக இருந்தால் சிப்பும் ஏறக்குறைய 5 டிகிரி ஏறியே நிற்கும். மழை நாள் இரவில் பார்த்த எண்ணையும் வெயில் நாள் மதியம் பார்த்த எண்ணையும் வைத்துக்கொண்டு பேஸ்டைத் திட்டக் கூடாது.

அப்புறம், எப்போது பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். 15 வாட் என்று எழுதியிருந்தாலும் இன்டெல் ப்ராசஸர்கள் தொடக்கத்தில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இழுக்கும். பெரும்பாலான லேப்டாப்களில் அந்த வேகம் 28 நொடி அளவுக்கு அனுமதிக்கப்படும், பிறகு சொன்ன அளவுக்கு இறங்கிவிடும். முதல் அரை நிமிடத்தில் 95 தொட்டுவிட்டு 80க்கு இறங்கினால் அது நோய் இல்லை. அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பல இன்டெல் ப்ராசஸர்கள் 100 டிகிரியில்தான் தங்களைத் தாங்களே வேகம் குறைத்துக்கொள்ளத் தொடங்கும், அதனால் 97ல் எதுவும் எரிந்துவிடாது. நிம்மதியாகத் தூங்குங்கள்.

நாளை ஒரு காரியம் செய்யுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற, சூட்டைக் காட்டும் ஏதாவது ஒரு மென்பொருளைத் திறந்து வைத்து, எல்லா கோருக்கும் வேலை கொடுத்து, 2 நொடி, 30 நொடி, 1 நிமிடம், 3 நிமிடம், 5 நிமிடம் என்று எண்களைக் குறியுங்கள். நிறுத்திய பிறகு எப்படி இறங்குகிறது என்பதையும்.

பிப்ரவரி 11, காலை 6.50

இந்த நொடிக்கணக்கு எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். என் பழைய கதையில் நான்காவது முறை திறந்தபோதுதான் எனக்கே இது உறைத்தது.

அப்போது ஹீட்சிங்க்கைத் தனியாக எடுத்துச் சமையல் தராசில் வைத்தேன். ஏறக்குறைய 200 கிராம், பெரும்பகுதி செம்பு. 1 கிராம் செம்பை 1 டிகிரி சூடாக்க 0.385 ஜூல் வேண்டும். 200 கிராமுக்கு 77 ஜூல். 45 வாட் என்றால் நொடிக்கு 45 ஜூல். அதாவது ஃபேன் சுத்தமாக நின்றுவிட்டால்கூட அந்தச் செம்பு 1 டிகிரி ஏற ஒன்றே முக்கால் நொடி ஆகும். 50 டிகிரி ஏற ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். என் லேப்டாப்போ ஒரே நொடியில் 50லிருந்து 96க்குத் தாவியது. செம்புக்கு அந்தச் சூடு போய்ச் சேரவே இல்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையா? நிறுத்தினாலும் அதே வேகத்தில் விழுந்தது. சிப் மட்டும் தனியாக வெந்துகொண்டிருந்தது, செம்பு பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தது.

காற்றோட்டக் கோளாறு அப்படி நடக்காது. அது மெல்ல ஏறும், நிமிடக்கணக்கில் ஏறும், நிறுத்தினாலும் மெல்லத்தான் இறங்கும். ஏனென்றால் செம்பு நிறையச் சூட்டை வாங்கி வைத்திருக்கிறது, கொண்டுபோய்க் கொட்டத்தான் இடமில்லை.

கருவி எதுவும் இல்லாமலேயே பார்க்கலாம். காற்று வெளியே வரும் சந்தில் கையை வையுங்கள். திரையில் 97, கையில் குளிர்ந்த காற்று என்றால் சூடு அங்கே வரவே இல்லை: தகடு உட்காரவில்லை அல்லது சூட்டைச் சந்துவரை கொண்டுவரும் குழாயான ஹீட் பைப் போய்விட்டது. திரையில் 97, கையில் சுடச்சுட ஆனால் சோம்பேறித்தனமான காற்று என்றால் சூடு வந்து வாசலில் நிற்கிறது, தள்ளிவிட ஆள் இல்லை.

பிப்ரவரி 11, காலை 7.05

ஹீட் பைப் என்றதும் ஞாபகம் வந்தது. மூன்றாவது முறை திறந்தபோது நான் அதைத்தான் குற்றவாளி என்று முடிவே செய்திருந்தேன். பார்க்கக் கெட்டியான செம்புக் கம்பி மாதிரி இருக்கும், உள்ளே காலி. காற்றை உறிஞ்சிவிட்டு ஒரு சொட்டு அளவு தண்ணீரை விட்டு மூடியிருப்பார்கள். சூடான முனையில் தண்ணீர் ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே மறுபடி நீராகி, உள்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் வழியாக ஊறித் திரும்பி வரும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல. இதை வளைத்தாலோ நசுக்கினாலோ போயிற்று.

நான் தூக்கும்போது லேசாக நெளித்துவிட்டேனோ என்ற பயத்தில், ஃபேனைத் தனியே எடுத்துவிட்டு ஒரு முனையை வெந்நீரில் வைத்தேன். நல்ல பைப் என்றால் மறுமுனை சில நொடிகளில் கையைச் சுடும். சுட்டது. வெறும் செம்புக் கம்பியாக இருந்தால் அவ்வளவு சீக்கிரம் வராது. பைப் நிரபராதி. விரலில் இரண்டு நாள் எரிச்சல்.

பிப்ரவரி 12, இரவு 9.10

உங்கள் எண்கள்: தொடக்கம் 47. 2 நொடியில் 62. 30 நொடியில் 74. 1 நிமிடத்தில் 83. 3 நிமிடத்தில் 95. 5 நிமிடத்தில் 97, கூடவே வேகமும் குறைகிறது. சந்தில் காற்று சுடுகிறது, ஆனால் “ஊதுகிற மாதிரி இல்லை, மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

பேட் இல்லை. நான் சொன்னது தவறு. எனக்கு நடந்ததை அப்படியே தூக்கி உங்கள் தலையில் வைத்துவிட்டேன். முதல் 2 நொடியில் 15 டிகிரி தாவியதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நல்ல லேப்டாப்பிலும் அந்த அளவு இருக்கும். நேற்று எழுதியதில் தாவினாலே கோளாறு என்பது போல ஒரு தொனி வந்திருக்கிறது, அதையும் திருத்திக்கொள்ளுங்கள். மீதி 35 டிகிரி ஐந்து நிமிடத்தில் ஊர்ந்து ஏறியிருக்கிறது. இது காற்று.

பிப்ரவரி 12, இரவு 9.25

இப்போதுதான் கடைசி வரியைப் பார்க்கிறேன். நடுவில் புது பேஸ்ட் வாங்கி மறுபடியும் வைத்துப் பார்த்தீர்களா! அதற்குப் பிறகு எடுத்த எண்களா இவை! சரி. குறைந்தபட்சம் பேஸ்ட் பதிந்த விதம் நன்றாக இருந்தது என்று தெரிந்துகொண்டோம்.

பிப்ரவரி 12, இரவு 10.00

காற்று என்றால் எங்கெல்லாம் பார்க்க வேண்டும்? எனக்குத் தெரிந்த வரை, அதிகம் தப்பு நடக்கும் இடம் ஃபேனுக்கும் தகட்டு அடுக்குக்கும் நடுவே. காற்று வெளியேறும் இடத்தில் சீப்பு மாதிரி நெருக்கமாக மெல்லிய தகடுகள் இருக்கும் அல்லவா, தூசி வந்து சேருவது அதன் வெளிப்பக்கம் இல்லை, ஃபேன் பார்க்கும் உட்பக்கம். அங்கே கம்பளித் துணி போலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது கழன்று ஃபேனுக்குள் போகும், ஃபேன் அதை மறுபடி அதே இடத்தில் கொண்டுபோய் ஒட்டும். ஃபேனைக் கழற்றினீர்கள் என்பதால் உங்களுக்கு இது இருக்காது என்று நினைக்கிறேன். ஆனாலும் டார்ச் அடித்துப் பாருங்கள், சீப்பின் மறுபக்கம் வெளிச்சம் தெரிய வேண்டும்.

இரண்டாவது, ஒட்டு. ஃபேன் வாயும் தகட்டு அடுக்கும் சேரும் இடத்தில் ஒரு கறுப்பு டேப்போ ஸ்பாஞ்சுப் பட்டையோ இருக்கும். பார்த்தால் ஏதோ அழுக்குப் பிடித்த பழைய டேப். அதுதான் காற்று பக்கவாட்டில் கசியாமல் தகடுகளுக்குள் போக வைக்கிறது. அதை உரித்து எறிந்துவிட்டால் சூடான காற்று உள்ளேயே சுற்றி, அதே ஃபேன் அதையே மறுபடி இழுக்கும். நான் உரித்து எறிந்திருக்கிறேன். அது வேறு ஒருவருடைய லேப்டாப் என்பதால் இங்கே விரிவாகச் சொல்ல விருப்பமில்லை.

மூன்றாவது, ஃபேன். நான்கு கம்பி உள்ள ஃபேன் என்றால் இரண்டு மின்சாரத்துக்கு, ஒன்று எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று சொல்ல, ஒன்று எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்று கேட்க. கனெக்டர் பாதி உட்கார்ந்திருந்தால் சுற்றும், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்காது. மென்பொருளில் ஃபேன் வேகம் தெரிந்தால் குறித்து அனுப்புங்கள். அப்புறம், ப்ளோயர் வைத்து ஊதினீர்களா? ஃபேனை விரலாலோ குச்சியாலோ பிடிக்காமல் ஊதினால் அது கன்னாபின்னாவென்று சுற்றும், பேரிங் போகும், மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரத்தை போர்டுக்குள் திருப்பியும் அனுப்பலாம். அந்த ‘விர்ர்’ சத்தம் கேட்க ஆசையாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

அதுவரை லேப்டாப்பில் வேலை செய்தாக வேண்டும் என்றால், விண்டோஸ் பவர் அமைப்பில் ப்ராசஸரின் அதிகபட்ச அளவை 100க்குப் பதில் 99 சதவீதம் என்று வையுங்கள். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும், ஆனால் டர்போ என்ற கூடுதல் வேகம் முழுக்க நின்றுவிடும், சூடு சட்டென்று இறங்கும்.

பிப்ரவரி 13, இரவு 11.30

உங்களுக்கு பேட் தேவையில்லை என்று நேற்றே தெரிந்துவிட்டது. ஆனாலும் என்னுடையதில் இப்போது இருப்பது 0.5தானா, அழுந்திக் குறைந்திருக்கிறதா என்று ஒரு அரிப்பு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பைத் திறந்தேன். அளந்தேன். 0.5தான். மூடினேன்.

இப்போது வெறும் 44 டிகிரி. அருமை. ஆனால் ஒரு கோப்புறையைத் திறக்க ஐந்து நொடி ஆகிறது. பார்த்தால் ப்ராசஸர் 0.79 கிகாஹெர்ட்ஸில் நிற்கிறது. வேலை கொடுத்தாலும் 0.79. சூடும் இல்லை, உயிரும் இல்லை.

பிப்ரவரி 14, அதிகாலை 12.50

தூங்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். ப்ராசஸர் தன் சூட்டுக்காக மட்டும் வேகத்தைக் குறைப்பதில்லை. போர்டில் உள்ள மற்ற பாகங்களும் “நிறுத்து” என்று அதற்கு ஒரு சைகை கொடுக்க முடியும். ப்ராக்ஹாட் என்பார்கள். சார்ஜர் தன்னை அடையாளம் காட்டாவிட்டாலும், பேட்டரி இல்லை என்றாலும், ஏதோ ஒரு சென்சார் கம்பி விட்டுப்போனாலும் பல லேப்டாப்கள் இந்தச் சைகையைக் கொடுத்து ப்ராசஸரை நொண்ட வைக்கும். பேட்டரி கைகொடுக்காமல் சார்ஜர் மட்டும் இருந்தால், திடீரென்று அதிகம் இழுத்து எல்லாம் அணைந்துவிடுமே என்ற எச்சரிக்கைதான் காரணம். த்ராட்டில்ஸ்டாப் போன்ற மென்பொருளில் இந்தச் சைகையைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு டிக் இருக்கிறது. ஏன் வருகிறது என்று தெரியாமல் அதைத் தொட வேண்டாம்.

பிப்ரவரி 14, அதிகாலை 1.20

பேட்டரி கனெக்டர் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. சார்ஜரை எடுத்து, பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்து, மறுபடி அழுத்தி மாட்டினேன். 4 கிகாஹெர்ட்ஸ் வந்துவிட்டது. அளவுக் கருவி இனி என் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும்.

பிப்ரவரி 14, மாலை 5.45

வேறொருவர் இடையில் புகுந்து, இவ்வளவு பேசுவதற்குப் பேஸ்டுக்குப் பதில் திரவ உலோகம் வைத்தால் தீர்ந்ததே என்கிறார். தீரும், லேப்டாப்பும் சேர்ந்து தீரலாம். அது காலியம் கலந்த உலோகம், மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துளி சிப்பைத் தாண்டி வழிந்தால் பக்கத்தில் உள்ள கடுகு சைஸ் பாகங்களை ஷார்ட் செய்யும். தகடு அலுமினியமாக இருந்தால் காலியம் அதை அரித்துப் பொடியாக்கும். சில லேப்டாப்களில் நிறுவனமே வைத்து அனுப்புகிறது, உண்மைதான், ஆனால் அவர்கள் வழியாமல் இருக்கச் சுற்றிலும் தடுப்பு கட்டுகிறார்கள். கையில் சொட்டு விட்டுப் பழகாத ஒருவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். 15 வாட் சிப்புக்கு அது கொசுவுக்குப் பீரங்கி.

சூடாகி ஆறி சூடாகி ஆறியே தண்ணீரான பேஸ்ட் சிப்பின் ஓரத்துக்கு வழிந்துவிடுகிறது என்ற கவலை இருந்தால், லேப்டாப்புக்குச் சற்றுக் கெட்டியான பேஸ்ட் நல்லது. அல்லது ஹனிவெல்லின் பிடிஎம்7950 போன்ற தாள். அறைச் சூட்டில் தாளாக இருக்கும், 45 டிகிரி பக்கம் இளகிச் சந்துகளில் நிறையும். நான் அதைத்தான் கடைசியில் வைத்தேன், இரண்டு வருடமாகத் தொடவில்லை. நேற்று இரவு வரை.

ப்ராசஸரின் மின்னழுத்தத்தைக் குறைத்து ஓட்டலாமே என்ற இன்னொரு யோசனையும் வந்தது. முன்பு நானும் செய்தேன், 6, 7 டிகிரி இறங்கியது. 2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு பல லேப்டாப்களில் பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் அந்த வழியைப் பூட்டிவிட்டது. என்னுடையதும் பூட்டு.

பிப்ரவரி 15, காலை 6.30

பல் தேய்க்கும்போது தோன்றியது. ஒரு குட்டி ஸ்க்ரூ மிஞ்சியது என்று முதல் நாளே எழுதியிருக்கிறீர்கள். ஆறு நாளாக செம்பு, காலியம், ப்ளண்டர்வோல்ட் என்று உலகம் சுற்றிவிட்டு அந்த வரியை ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

அது எவ்வளவு நீளம்? தலை தட்டையா, உருண்டையா? ஹீட்சிங்க் ஸ்க்ரூ என்றால் பெரும்பாலும் ஸ்ப்ரிங்கோடு தகட்டிலேயே தொங்கும், தனியாக மிஞ்சாது. அடி மூடியின் ஸ்க்ரூ என்றால் வெளியிலிருந்தே காலி ஓட்டை தெரிந்திருக்கும். மீதி இருப்பது எஸ்எஸ்டி, வைஃபை கார்டு, ஃபேன். ஃபேன் ஸ்க்ரூக்கள்தான் கட்டையாக, ‘குட்டி’ என்று சொல்லும்படி இருக்கும்.

மறுபடி திறங்கள். முதலில் பேட்டரி கனெக்டர், அதற்குப் பிறகு மற்றது. இந்த முறை ஹீட்சிங்க்கைத் தொட வேண்டாம். பேஸ்டும் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

பிப்ரவரி 15, காலை 6.45

ஒருவேளை ஹீட்சிங்க்கை எடுத்தே ஆக வேண்டி வந்தால்: ஸ்க்ரூக்கள் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று குட்டியாக எண் அச்சிட்டிருக்கும். முடுக்கும்போது அந்த வரிசை, ஒவ்வொன்றும் அரைச்சுற்று அரைச்சுற்றாக. கழற்றும்போது பின்னாலிருந்து முன்னே. ஒரு மூலையை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பேஸ்ட் ஒரு பக்கமாகப் பிதுங்கும். ஸ்ப்ரிங்தான் அழுத்தம் கொடுக்கிறது, ஸ்க்ரூ அடியில் முட்டிய பிறகு பல்லைக் கடித்துத் திருகினால் மரைதான் போகும்.

பிப்ரவரி 16, இரவு 8.15

படத்தைப் பார்த்தேன். ஃபேனின் மூன்று கால்களில் ஒன்று காலி. அந்த ஓட்டையின் மேலேயே வைஃபை ஆண்டெனா ஒயர் போகிறது, ஓட்டை இருப்பதே தெரியவில்லை. ஒயர் ஃபேனுக்கு அடியில் மாட்டி, அந்த மூலையை இரண்டு மில்லிமீட்டராவது தூக்கி வைத்திருக்கிறது. ஃபேன் வாய் தகட்டு அடுக்கை நேராகப் பார்க்காமல் கொஞ்சம் அண்ணாந்து பார்க்கிறது. அந்தச் சந்து வழியாகப் பாதிக் காற்று உள்ளேயே திரும்பி வந்திருக்கும். டேப் இருக்கிறது, ஆனால் ஒரு முனை பிய்ந்து நிற்கிறது. ஒயரை அதன் கொக்கிகளுக்குள் விட்டு, ஃபேனை அழுத்தி, அந்தக் குட்டியை முடுக்குங்கள். டேப்பை விரலால் நீவிவிட்டால் போதும்.

பிப்ரவரி 16, இரவு 9.50

2 நொடியில் 61. 1 நிமிடத்தில் 71. 5 நிமிடத்தில் 79, அங்கேயே நிற்கிறது. சந்தில் காற்று “இப்போது ஊதுகிறது”.

உங்கள் ஞாபகத்தில் இருந்த 80 சரிதான் போலிருக்கிறது. ஞாபகத்தை நம்பக் கூடாது என்று 10ஆம் தேதி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். இந்த எண்களை ஒரு தாளில் எழுதி, அறைச் சூட்டையும் போட்டு, தேதியோடு அடி மூடியின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை திறக்கும்போது ஒப்பிட உதவும். ஸ்க்ரூக்களுக்கும் அதேபோல, ஒரு தாளில் லேப்டாப்பின் படத்தைக் கிறுக்கி, கழற்றியதை அந்தந்த இடத்தில் குத்தி வைத்தால் மிஞ்சாது. நீளமான ஸ்க்ரூவைக் கட்டையானது இருந்த இடத்தில் போட்டுவிடும் ஆபத்தும் இல்லை. அப்படிப் போட்டால் கீபோர்டுப் பக்கம் ஒரு புடைப்பு எழும்பும், போர்டையே துளைத்தாலும் துளைக்கும்.

99 சதவீதத்தை மறக்காமல் 100க்கு மாற்றுங்கள்.

பிப்ரவரி 18, காலை 7.00

இரண்டு டப்பா பேஸ்ட் மிஞ்சியிருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மூடியை இறுக்கி, முனை கீழே பார்த்தபடி நிறுத்தி, சூடில்லாத இடத்தில் வையுங்கள். அளவுக் கருவியையும் பக்கத்திலேயே வைக்க வேண்டாம்.